கத்திரி வெயிலில் எந்தப் பனி நிற்கும்

எங்கள் அலுவலகத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, வருகிற மே மாதம் ஆல்ப்ஸ் மலையில் நடைப்பயணம் போகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. நான் அதில் சேரவில்லை, சேர்க்கப்பட்டேன். காலையில் கண் விழித்தால் பனி, மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் பனி. எந்த ஷூ வழுக்காது, எந்த ஊரில் தங்கலாம் என்று ஒரே பேச்சு. வராவிட்டாலும் ஒரு யோசனையாவது சொல் என்று என்னைப் பிடுங்கி எடுக்கிறார்கள். என்னிடம் இருக்கிற ஒரே யோசனை, மே மாதத்தில் போகாதீர்கள் என்பதுதான். சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஆல்ப்ஸ் மலையை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த மலைக்காக நான் ஏறிய ஏற்றத்தை நினைத்தால் இன்றைக்கும் முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது.

அப்போது நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. அப்பாவுக்கு விழுப்புரத்தில் ரயில்வே ஆபீசில் வேலை. தினமும் பாசஞ்சரில் போய்வருவார். வரும்போது முகம் பிழிந்துபோட்ட துணி மாதிரி இருக்கும். ஆனால் எங்காவது பயணம் என்று சொல்லிவிட்டால் போதும், அந்த முகத்துக்கு எங்கிருந்தோ ஒரு களை வந்துவிடும். திருப்பதிக்குப் போவதாக இருந்தாலும் எந்தப் பக்கத்து ஜன்னலில் வெயில் அடிக்காது என்பதுவரை யோசித்து வைத்திருப்பார். பாதிப் பயணங்கள் யோசனையோடு நின்றுவிடும். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்பாவுக்கு ஒரே தங்கை, என் அத்தை. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அத்தையை வளர்த்தது அப்பாதான். அத்தைக்கு வீட்டில் கால் தரிக்காது. கல்லூரிக்கு பஸ் இருந்தும் நடந்தே போவாள். சாயங்காலம் ஏரிக்கரையைச் சுற்றி வராவிட்டால் தூக்கம் வராது என்பாள். பாதி நாள் நானும் அவள் இடுப்பில் உட்கார்ந்து சுற்றியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரி மாப்பிள்ளை என்றால் அப்போது பெரிய கிராக்கி. அப்படி ஒருவர் வந்தார். ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் ஒரு ஊரில் வேலையாம். காலில் சக்கரம் கட்டிய பெண்ணுக்கு மலையே வாசலில் கிடைத்திருக்கிறது என்று அப்பா சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

அத்தை கல்யாணமாகிப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ராத்திரி ஃபோன் வரும். பின்னால் மாமா செருமுவதும் கேட்கும். அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார், நாங்கள் மூன்று பேரும் ஃபோனைச் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். வாரா வாரம் மலைக்குப் போவதாக அத்தை சொல்வாள். பச்சைப் பசேலென்று சரிவு, மஞ்சள் பூ, கழுத்தில் மணி கட்டிய மாடு, மரத்தால் கட்டிய வீடு. கேட்கக் கேட்க எனக்கு வாயில் எச்சில் ஊறும். அந்த வருடம் பொங்கல் முடிந்ததும் ஒரு புதுப் பேச்சை ஆரம்பித்தாள். உங்கள் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மே மாதம் எல்லோரும் வாருங்கள், மலையில் நடக்கலாம் என்றாள். ஒவ்வொரு வாரமும் அதையே கேட்டாள். மாமாவும் ஒருநாள் ஃபோனை வாங்கி, வாருங்கள் என்று ஒரே வார்த்தையில் அழைத்தார்.

அப்பாவுக்குச் சொல்லவா வேண்டும். விசாவுக்கு அலைந்தார், டிக்கெட்டுக்கு அலைந்தார். அதுவரை எல்லாம் சரி. மலையில் நடக்கப் போகிறவர்கள் பழகாமல் போகக் கூடாது என்று அடுத்ததாக ஒரு முடிவெடுத்தார். அங்கேதான் எனக்கும் அம்மாவுக்கும் சனி பிடித்தது.

ஞாயிறுதோறும் திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து செஞ்சிக்குப் போவோம். கோட்டைக் கதவை வெயில் ஏறிய பிறகுதான் திறப்பார்கள். பங்குனி வெயிலில் ராஜகிரிப் படிகள் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடக்கும். அம்மாவின் அக்கா வீட்டுக்காரர், என் பெரியப்பா, பொம்மையார்பாளையத்தில் கடற்கரையோரம் நாலு அறை கட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். தங்க வந்தவர்கள் விட்டுப்போன ஷூக்களை அப்பா அங்கிருந்து அள்ளிக்கொண்டு வந்திருந்தார். என் ஷூவுக்குள் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டால்தான் கால் நிற்கும். அம்மா நூல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யாரோ ஒரு வெள்ளைக்காரரின் மஞ்சள் ஷூவில் படியேறுவாள். கோட்டை பார்க்க வந்தவர்கள் கோட்டையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்ப்பார்கள்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா பாதி வழியில் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எள்ளு எண்ணெய்க்குக் காயுது. எலிப்புழுக்கை எதுக்குக் காயுதுன்னு கேக்கறேன்" என்றாள்.

அப்பா சிரித்தார். அங்கே பனி இருக்காதா என்று நான் கேட்டேன். பனியில் விளையாடுவதற்காகத்தான் நான் அத்தனை படியும் ஏறிக்கொண்டிருந்தேன்.

"மே மாசம் கத்திரி வெயில்ல எந்தப் பனி நிக்கும்? மலை உச்சில வேணா கொஞ்சம் இருக்கும். பாதையெல்லாம் காய்ஞ்சு கெடக்கும்" என்றார் அப்பா.

எங்கள் மூன்று பேருக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. மே மாதம் என்றால் அக்னி நட்சத்திரம். ஏரி வற்றும், நாய் நாக்கைத் தொங்கப் போடும், தார் ரோட்டில் செருப்பு ஒட்டும். உலகத்தில் எங்கே போனாலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம்.

சித்திரை பிறந்த கையோடு குளிர்ச் சட்டை வாங்கிவர அப்பா பெரியப்பா வீட்டுக்குப் புறப்பட்டார். நானும் ஒட்டிக்கொண்டேன். அங்கே ஒரு அறை வாசலில் வயதான பிரெஞ்சுக்கார அம்மா ஒருவர் உட்கார்ந்து பப்பாளி தின்றுகொண்டிருந்தார். அத்தை இருக்கிற அதே ஊர்க்காரராம். பெரியப்பாவுக்குப் பிரெஞ்சு ஏதோ பிழைக்கிற அளவுக்கு வரும். அப்பா உற்சாகமாகத் தன் திட்டத்தை எடுத்துச் சொன்னார். அந்த அம்மா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மே மாசத்துல மேல் பாதையெல்லாம் பனி மூடிக்கினு இருக்குமாம்" என்றார் பெரியப்பா. "மலை மேல தங்கற எடமெல்லாம் பூட்டிக் கெடக்குமாம். ஜூன் கடைசியில வந்தாதான் நடக்கலாங்கறாங்க. ஜன்னலத் தொறந்தாலே பனி தெரியுமாம். அந்த ஊர்ல கொழந்தைக்குக்கூட இது தெரியுங்கறாங்க."

அப்பா விடவில்லை. "என் தங்கச்சி மூணு வருஷமா அங்கதான் இருக்குது, வாராவாரம் மலைக்குப் போயிக்கினுதான் இருக்குதுன்னு சொல்லுங்க. அதுதான் எங்கள மே மாசம் வரச்சொல்லுது."

பெரியப்பா சொன்னார். அந்த அம்மா பப்பாளித் தட்டைக் கீழே வைத்தார். அப்பாவையே பார்த்தபடி மெதுவாக ஏதோ கேட்டார். பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உன் தங்கச்சி ஊட்டைவிட்டு வெளிய போவுதான்னு கேக்கறாங்கப்பா."

அப்பா குளிர்ச் சட்டையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ்ஸில் திண்டிவனம் வரும்வரை அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் புழுக்கத்தில் பார்க்கவே வேர்த்தது. பனி இருக்கிறது என்று கேட்டதில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பனி மனிதனுக்கு மூக்கு வைக்க காரட் கிடைக்குமா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

அந்த ஞாயிறு நாங்கள் செஞ்சிக்குப் போகவில்லை. வழக்கம்போல் ஃபோன் வந்தது. அப்பா, இப்போது மலை எப்படி இருக்கிறது என்று கேட்டார். போன வாரம்தான் உச்சிவரை போய் வந்தேன் என்றாள் அத்தை. பச்சைச் சரிவு, மஞ்சள் பூ, மணி கட்டிய மாடு, மரவீடு என்று அதே வரிசையில் சொன்னாள். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய் கடுகு டப்பாவைக் கொண்டுவந்தாள். அத்தை முதல் வருடம் யாரிடமோ கொடுத்தனுப்பிய சாக்லேட் டப்பா அது. அதன் மூடியை அப்பா பக்கம் திருப்பி வைத்தாள். பச்சைச் சரிவு, மஞ்சள் பூ, மணி கட்டிய மாடு, பின்னால் ஒரு மரவீடு. அப்பா அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோனில் மாமா செருமினார்.

"சரிம்மா" என்றார் அப்பா. "அண்ணன் வர்றேன். இவங்க வேணாம், நான் மட்டும் வர்றேன். ஷூ எதுவும் எடுத்துக்கினு வர வேணாமில்ல?"

"வேணாண்ணா. ஜல்தி வாங்க" என்றாள் அத்தை.

நான் ஓவென்று அழுதேன். அத்தனை படி ஏறியது நான், பனியைப் பார்க்கப் போவது அப்பா. அம்மா சமாதானம் சொல்லவில்லை. முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு அவளும் அழுதாள். எனக்கும் அவளுக்கும் போட்ட டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, குளிர்ச் சட்டையைக்கூட மறந்துவிட்டு அப்பா கிளம்பினார். எந்தப் பக்கத்து ஜன்னல் என்று யோசிக்காமல் அவர் போன ஒரே பயணம் அதுதான்.

அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் அப்பா திரும்பி வந்தார். கூடவே அத்தையும் வந்தாள். கையில் ஒரு சின்னப் பை மட்டும். மாமா வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவார் என்பதும், ஞாயிற்றுக்கிழமை ஃபோனை அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்பதும், விருந்தாளிகள் முன்னால் நல்லவராக இருக்க அவருக்குப் பிடிக்கும் என்பதும், நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை வந்ததால் நான் போகவில்லை என்பதுதான். நான் அவளோடு பேசவில்லை. அவள் அறைக்குள் இருந்தால் கதவை மட்டும் சாத்த விடமாட்டாள். மின்விசிறிக் காற்றில் அது தானாகச் சாத்திக்கொண்டாலும் எழுந்துபோய்த் திறந்து வைப்பாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய ஞாயிறு, செஞ்சிக்குப் போகலாமா அண்ணா என்று அவளாகவே கேட்டாள். நாலு பேரும் போனோம். அம்மா இந்த முறை செருப்போடு வந்தாள். நாங்கள் பழகியவர்கள், விடுவிடுவென்று ஏறினோம். அத்தையால் முடியவில்லை. ஏரிக்கரையை மூச்சுவிடாமல் சுற்றி வந்தவள், நாலு படிக்கொருதரம் நின்றாள். ஆல்ப்ஸ் மலையிலிருந்து வந்தவள் இதற்கே திணறுகிறாளே என்று எனக்கு இளக்காரமாக இருந்தது. பேசக்கூடாது என்ற வைராக்கியத்தை மறந்து கேட்டுவிட்டேன்.

"அங்கயும் இதுமாதிரி படி இருக்குமா அத்தே?"

"தெரியலடி. நான் ஏறினதில்ல."

"ஜன்னல்லேர்ந்தாவது பாத்திருப்ப இல்ல?"

"எங்க ஜன்னல்ல பக்கத்து ஊட்டு செவுருதான் தெரியும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவள் பார்க்காத மலைக்காகவா நான் பங்குனி முழுக்க வெந்தேன்?

"அப்ப எதுக்கு எங்கள மலைக்கு வா, மலைக்கு வான்னு கூப்ட்ட?"

அத்தை படியில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துவிட்டபடி சொன்னாள். "வேற இன்னா சொல்லிக் கூப்புடறது?"

சும்மா வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டிருக்கலாமே, இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன். அம்மா என் வாயைப் பொத்துவதுபோல் தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தாள். எங்களுக்கு மேலே நாலைந்து படி தள்ளி நின்றிருந்த அப்பா, கோட்டைச் சுவரில் கையை ஊன்றி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் ஏறி ஏறி இறங்கியது. இத்தனை வாரம் பழகியும் அப்பாவுக்கு இப்படி மூச்சு வாங்குகிறதே என்று நினைத்து, பாட்டிலை எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன்.