சிக்கரி டப்பா

பிற்பகல் மூன்று ஐம்பதுக்கு, குர்லா ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் என் ரயில் நின்றது. தண்டவாளமெல்லாம் மழைத்தண்ணீர். அப்போதுதான் செம்பூர் வீட்டில் தனியாக இருந்த மகன் போன் செய்தான். காலையிலிருந்து வயிற்றுவலியாம். "ஏஐ கிட்ட கேட்டுட்டேன்மா. கேஸ்தான்னு சொல்லிடுத்து. சீரகத் தண்ணி குடிச்சிண்டிருக்கேன்" என்றான். கேட்டதும் எனக்கே பாதிக் கவலை போய்விட்டது. இன்றுவரை என்னை உலுக்குவது அந்த நிம்மதிதான்.

அத்திம்பேர், அதாவது என் அக்காவின் கணவர், அப்போது டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார்; ஏஐ, செயற்கை அறிவு என்ற அந்தப் பெயரையே ஒத்துக்கொள்ளமாட்டார். ஞாயிறுதோறும் அணுசக்தி நகரிலிருந்து காபிக்கு வருவார். எங்கள் சமையலறையில் காபிப் பொடிக்கு ஒன்று, சிக்கரிக்கு ஒன்று என்று தனித்தனி டப்பா வைத்து, பெயர் எழுதி ஒட்டியதும் அவர்தான். "சிக்கரி நல்ல சரக்குதான். அது மேல காபின்னு ஒட்டறதுதான் தப்பு. இந்த மெஷினும் அப்படித்தான். நாம எழுதினதையெல்லாம் படிச்சுட்டு, அடுத்து என்ன வரும்னு பிரமாதமா கணிக்கறது. கணிப்புன்னு சொல்லு, ஒரு தடவை சந்தேகப்படுவே. அறிவுன்னு சொன்னா கையைக் கட்டிண்டு நிப்பே."

மகன் விடமாட்டான். "காம் கர்தா ஹை னா, பெரியப்பா? வேலை செய்யறதோல்லியோ, போதும். பேர்ல என்ன இருக்கு? உங்க வேலை போயிடும்னு பயப்படறேள்." வழக்கமான கிண்டல்தான். ஆனால் ஒரு ஞாயிறு அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு வரவில்லை. போய்க் கூப்பிட எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மெஷினைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. வலி வலப்பக்கம் இறங்கினால் உடனே டாக்டரிடம் போகவும் என்று அதே பதிலின் அடியில் இருந்ததைப் பின்னால் பார்த்தேன். மகன் அதுவரை படிக்கவில்லை. அறிவு என்ற பெயர் கொண்ட ஒன்று முதல் வரியில் தீர்ப்புச் சொன்னபிறகு யார் கடைசி வரைக்கும் படிக்கிறார்கள்?

மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அடிவயிற்றில் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் செய்த தழும்பு. அவனும் ஏஐ என்றே சொல்கிறான், நானும்தான். ஊரே சொல்லும்போது வேறு எப்படிச் சொல்வது? அத்திம்பேர் போன வருஷம் காலமானார். நீங்கள் சொன்னது சரி என்று அவரிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சிக்கரி என்ற அவர் கையெழுத்து மட்டும் எண்ணெய்ப் பிசுக்கேறி டப்பாவில் இருக்கிறது.

அன்று ரயிலில் மறுபடி போன் வந்தபோது மகன் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். கூச்சத்தை விட்டு அத்திம்பேருக்குப் போன் செய்து, வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பிறகு மகனை மறுபடி அழைத்து, போனைத் துண்டிக்காமல், அவன் முனகலைக் கேட்டபடி நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் கதவு திறக்கும் சத்தம். குடை உதறும் சத்தம். "பெரியப்பா, ஏஐ என்ன சொல்லித்துன்னா..." என்று மகன் ஆரம்பித்தான்.

"அது இருக்கட்டும். எங்கேடா வலிக்கறது? விரலை வெச்சுக் காட்டு."