நாற்பது கட்டு நாய்

இந்த வருஷமும் நோலீன் ஹார்கிரேவ் தீவனத்தைச் சாலையோரம் நிற்க வைத்துவிட்டார். பக்கத்துப் பண்ணை டாரல் பாஸ்கோ இதைப் பதினொரு வருஷமாகப் பொறுத்து வருகிறான். பொறுத்து என்றால் வாயை மூடிக்கொண்டு அல்ல. மாடு தின்ன வேண்டிய புல்லுக்குக் காது வைத்து வேடிக்கை காட்டுகிற அக்கிரமத்தை உரக்கடை, ஆட்டு ஏலம், தீயணைப்புக் கொட்டகை என்று போன இடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஒருமுறை அந்தக் கொட்டகையில் நோலீன் பின்னால் நிற்பது தெரியாமலே சொன்னான்.

"புல்லுக்கு மூக்கு வச்சுப் பாக்குது கிழவி."

"உன் மூக்கைத்தான் வைக்கலாம்னு இருந்தேன் டாரல்," என்றார் நோலீன். "அத்தனை புல்லுக்கட்டுக்கு நான் எங்க போவேன்?"

கொட்டகை சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. டாரலுக்கு அது இன்னும் ஓயவில்லை.

அவர்கள் ஊரான பில்லாரூவில் வருஷாவருஷம் அறுவடை முடிந்ததும் உலர்புல் பொம்மைப் போட்டி. மற்றவர்கள் கட்டுகளை அடுக்கி, கம்பி வலை சுற்றி, மஞ்சளும் நீலமுமாகப் பெயின்ட் அடித்து, டிராக்டர் டயரைக் கண்ணாக மாட்டுவார்கள். நோலீன் பெயின்டைத் தொடமாட்டார். ஓட்ஸ் புல்லுக்குப் பொன்னிறம், குதிரைமசாலுக்குப் பச்சை, கோதுமைத் தாளுக்கு வெளுப்பு. அவரிடம் இருக்கிற நிறங்கள் இவ்வளவுதான். கட்டுகிற கயிறும் சணல்தான்.

"நூறு கிலோமீட்டர் வேகத்துல போறவன் கண்ணுக்கு இது என்னன்னே தெரியலையே," என்று நடுவர் ஒருவர் குறை சொன்னபோது, "மெதுவாப் போகச் சொல்லு," என்று சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறிவிட்டார். ஆறுதல் பரிசாக வந்த நான்கு தட்டுகளில் அவருடைய கோழிகள் தின்கின்றன.

அறுபத்தெட்டு வயது. இறந்துபோன புருஷன் ஆல்ஃபின் கால்சட்டையை இடுப்பில் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு தனியாகத்தான் வேலை. டிராக்டரின் முன்னால் இரண்டு இரும்பு ஈட்டிகள். அரை டன் புல்லுக்கட்டை அவற்றில் குத்தித் தூக்கி, வைத்து, இறங்கி, தள்ளி நின்று பார்த்து, மறுபடி ஏறி ஒரு சாண் நகர்த்துவார். ஒரு நாளில் அறுபது தடவை ஏறி இறங்கினால் முழங்கால் சும்மா இருக்குமா? அதோடு வாய்விட்டே பேசுவார். "சரி, சரி. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். போன தடவையும் இதையே சொன்னேன், தெரியும்."

முடித்தபின் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு சாலையில் கடந்துபோய், பின்பக்கக் கண்ணாடியில் பார்ப்பார். எதிரே வரும்போது எதுவும் கண்ணில் படத்தான் செய்யும், கடந்த பிறகும் பார்க்க வைக்கிறதா என்பதுதான் அவர் கணக்கு. வைக்கவில்லையென்றால் மறுபடி ஏறுவார், இறங்குவார்.

இந்தத் தடவை நாய். முன்கால்மேல் தாடையைப் போட்டுக்கொண்டு, போன ஆள் இன்னும் வரவில்லையே என்பதுபோல் சாலையைப் பார்த்துப் படுத்திருக்கிறது. வெளுத்த மார்பு, பச்சைக் காது. டாரலின் வேலியிலிருந்து பத்தடி.

போன ஜூனுக்குப் பிறகு மழை இல்லை. தீவன வியாபாரி போனை எடுப்பதில்லை. ஓடைக்கரை நிலம் கொஞ்சம் ஈரம் பிடித்ததால் நோலீனுக்கு மட்டும் பழைய இருப்போடு நாற்பது கட்டு தேறியது. அதையும் நாயாக்கிவிட்டார். டாரலுக்கு அறுபது பசுக்கள், எல்லாம் சினை. அப்பா காலத்திலிருந்து பார்த்துப் பார்த்துப் பெருக்கிய வம்சம். இடுப்பெலும்பு தெரிய ஆரம்பித்ததும் ஏலத்துக்கு அனுப்ப வியாழக்கிழமைக்கு லாரி சொல்லிவிட்டான். செவ்வாய் காலை பட்டியில் அடைத்துக்கொண்டிருக்கையில் நோலீன் வேலிப்பக்கம் வந்து நின்றார்.

"எத்தனை?"

"அறுபதும்."

"லாரி?"

"வியாழன்."

"வேண்டாம்னு சொல்லிடு. நாயைப் பிரிச்சு மாட்டுக்குப் போடு."

டாரலுக்குச் சுருக்கென்றது. "மாடு சாகுறதுக்கா? உள்ள கம்பியும் ஆணியுமா இருக்கும். ஒரு துண்டு வயித்துக்குள்ள போனா நெஞ்சைக் குத்திடும்."

"கைய விட்டுப் பாரேன்."

வேலி தாண்டிப் போனான். நாயின் கழுத்தில் தோள்வரை கையை நுழைத்துத் துழாவினான். புல், கயிறு, காதைப் பிடித்து நிறுத்த மரமுளை. இரும்பு என்று ஒரு குண்டூசி இல்லை. அக்குள், வயிறு, வால் என்று எல்லாம் தேடினான். கண்ணும் மூக்கும் கறுப்பாக மின்னின. தார் பூசியிருக்கிறாள், பிடித்துவிட்டோம் என்று மூக்கை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தான். இனித்தது. மாடு நக்குகிற கரும்புப்பாகுக் கட்டி.

"எத்தனை வருஷமா இப்படி?"

"மொதல்லேருந்தே."

"போன வருஷம் ஈமு ஒண்ணு வச்சியே. அது?"

"அந்தாண்டைப் பண்ணை பெரி இருக்கானே, அவன் குதிரைங்க தின்னுச்சு. அதுக்கு முந்தின வருஷத்துப் பன்னி எங்க போச்சுன்னு கேக்காதே, சொன்னா வாங்கிட்டுப் போனவனுக்கு வெக்கமா இருக்கும்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்டிருக்கலாமே."

ஒவ்வொரு மே மாதமும் அந்தப் பொம்மைகள் காணாமல் போவதை டாரல் பார்த்திருக்கிறான். எங்கே போகின்றன என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. திட்டுவதற்கு அது தேவைப்படவில்லை.

"கொட்டகைக்குள்ளயே வச்சிருக்கலாமில்ல?" என்றான், கடைசியாக ஒரு பிடி கிடைக்குமா என்று.

"உள்ள வச்சா கிழவியோடதுன்னு போயிடுவீங்க. ரோட்டுல வச்சா தேவைப்படுறவன் தெனம் பாப்பான். பாத்துட்டும் வாயைத் தெறக்காம லாரிக்குச் சொல்ற ஆளும் உண்டு, அதுக்கு நான் என்ன பண்றது?"

பட்டிக்குள் பசுக்கள் கத்திக்கொண்டிருந்தன. டாரல் போனை எடுத்து லாரிக்காரனிடம் இரண்டு வார்த்தை பேசினான். நோலீன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு ஒரு கட்டு. இங்கேருந்தே வேலிக்கு மேல தூக்கிப் போட்டுடு. நாப்பது நாள் ஓடும். கயித்தைப் பூராவும் உருவிடு, அதுவும் வயித்துல சிக்கும். அதுக்குள்ள மழை வரலேன்னா அப்புறம் லாரியைக் கூப்பிடு."

மத்தியானம் டாரல் தன் டிராக்டரைக் கொண்டுவந்து, நாயைச் சுற்றி ஓட்டி, வால்பக்கம் நிறுத்தினான். நோலீன் நொண்டிக்கொண்டே வந்தார்.

"அங்க என்ன பண்ற?"

"வாலுலேருந்து எடுக்கிறேன். மூஞ்சி கடைசி வரைக்கும் இருக்கட்டும். ஸ்கூல் பஸ்ஸுல போற புள்ளைங்க அதுக்குக் கை காட்டுதுங்க."

"அதனாலதான் சொல்றேன், மூஞ்சியை மொதல்ல எடு. அது இருந்தா நாப்பது நாளும் தேஞ்சு தேஞ்சு சாகுறதை அதுங்க பாக்கணும். எடுத்துட்டா வெறும் புல்லு. மூணரைக்கு பஸ் வரும், அதுக்குள்ள முடிச்சிடு."

டாரல் வண்டியை முன்பக்கம் கொண்டுவந்தான். ஈட்டிகள் கண்களின் உயரத்துக்கு எழுந்து நின்றன. நோலீன் கிட்டே போய், தாடையில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கோதுமைத் தாளை உள்ளங்கையால் உள்ளே தள்ளிச் சமன்படுத்தினார். பிறகு டாரல் பக்கம் திரும்பாமல் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டே சொன்னார்:

"நான் உள்ள போயிடுறேன். கதவு சாத்துற சத்தம் கேட்டப்புறம் எடு."