நிமிர்ந்து நிற்கும் ஒருத்தி

கூடத்தில் மாட்டியிருக்கும் நடவுப் படத்தில் எல்லாரும் குனிந்திருக்க, ஒருத்தி மட்டும் ஏன் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள் என்று நேற்றுக் கேட்டீர்கள். வேலை முடிந்து வந்த அலுப்பு, அப்புறம் சொல்கிறேன் என்றேன். உண்மையில் சொல்லக் கூச்சம். அதனால் எழுதித் தருகிறேன்.

வரைந்தவர் என் சித்தப்பா. நீடாமங்கலத்துப் பக்கம் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர். அவருடைய பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். இவர் விடைத்தாள் கட்டிக்கொண்டும் விழாவுக்குப் பலகை எழுதிக்கொண்டும் கிடப்பார். சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால், சைக்கிள்தான் அவரைத் தாங்கி நிற்பதுபோல் இருக்கும். ஞாயிறு விடிந்தால் வேறு ஆள். சட்டத்தையும் சாயப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு வரப்புக்குப் போய்விடுவார். போட்டோவைப் பார்த்து வரைய மாட்டார். வெயில் கண்ணெதிரே அடிக்க வேண்டும், பூச்சி வந்து சாயத்தில் ஒட்ட வேண்டும்.

நான் சின்னப் பையனாக அவரோடு போன ஒரு ஞாயிறு, வாய்க்காலோர வயலில் சம்பா நடவு. தெருப் பெண்களோடு அம்மாவும் இறங்கியிருந்தாள். தண்ணீரில் வானம் தெரிகிற வயல் அந்த ஒரு நாள்தான். நட்டு முடித்தால் போச்சு. சித்தப்பா மூன்று வருஷமாக அதை வரையப் பார்த்து, முடிக்க முடியாமல் திரும்பியவர்.

பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்னால் நகர்ந்தபடி நட்டார்கள். கையிலிருந்த முடி, அந்த நாற்றுக்கட்டு, தீரும்போதெல்லாம் நிமிர்வார்கள். சித்தப்பா பிரஷ்ஷை இறக்கிவிட்டுச் சும்மா உட்காருவார்.

“என்ன சித்தப்பா?”

“அவங்க நிமிர்ந்தா தண்ணியில நிழல் கலைஞ்சு போவுதுடா. வெயிலு வேற ஏறுது. இந்த வருஷமும் முடியாது போல.”

சனிக்கிழமைச் சித்தப்பாவின் குரல் அது. எனக்குப் பொறுக்கவில்லை. அவரிடம் சொல்லாமல் வரப்போடு சுற்றி ஓடினேன்.

“யாரும் நிமிராதீங்க! சித்தப்பா படம் போடுறாரு!”

“ஒங்க சித்தப்பன வந்து ரெண்டு முடி நடச் சொல்லு,” என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. “அப்பறம் நாங்க குனிஞ்சே வூட்டுக்குப் போறோம்.”

“வரையிறதெல்லாம் முதுகு. எது யாரு முதுகுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதாம்?” என்றாள் இன்னொருத்தி. வயலே சிரித்தது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்திருந்த கொழுந்தனை ஒருமுறை பார்த்தாள். “சரி, போ,” என்றாள்.

அதன்பிறகு மற்றவர்கள் நிமிர்ந்தார்கள்; அம்மா நிமிரவில்லை. முடி தீர்ந்தால் குனிந்தபடியே எட்டி அடுத்ததை இழுத்துக்கொண்டாள். நான் கையைக் கட்டிக் காவல் நின்றேன். சித்தப்பா அம்மாவின் முதுகையும் அதன் நிழலையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். உச்சிவேளைக்குள் படம் முடிந்தது.

பெண்கள் கரையேறி வந்து பார்த்தார்கள். அம்மா கடைசியாக வந்தாள், தொடையில் கையை ஊன்றி, பாதி குனிந்தபடியே.

“என்ன அண்ணி, ஏன் இப்படி நடக்குறீங்க?”

“நிமிரக் கூடாதுன்னு ஒங்க அண்ணன் மவன் உத்தரவு போட்டான்ல?” என்றாள் அத்தை. “காலையிலேருந்து அவ நிமிரவே இல்ல.”

சித்தப்பா என்னைத் திட்டவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டர்பன்டைனில் துணியை நனைத்து, காயாத சாயத்திலிருந்து அம்மாவை மட்டும் துடைத்து எடுத்தார்.

“அண்ணி, செத்த நேரம் நிமிர்ந்து நில்லுங்க. முடிஞ்ச வரைக்கும் போதும்.”

“போங்க தம்பி, சேலையெல்லாம் சேறு,” என்று சொல்லிக்கொண்டே அம்மா இடுப்பில் கை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தாள். அதற்குள் வெயில் மாறிவிட்டது. உற்றுப் பாருங்கள், அவள் நிழல் மட்டும் வேறு மாதிரி விழுந்திருக்கும்.

சாயங்காலம் அம்மா பாயில் குப்புறப் படுத்து, முதுகை மிதித்துவிடச் சொன்னாள். நடவு நாள்களில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அதுதான் வேலை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அந்த முதுகின் மேல் நின்றபடி, நன்றாக வந்த படத்தைச் சித்தப்பா கெடுத்துவிட்டாரே என்று அழுதேன்.

“அழுவாம மிதிடா,” என்றாள் அம்மா.