இருபத்துநாலு பொட்டு

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து திறந்த அன்று, நான் நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் காக்ஸ் டவுன் பள்ளியில் ஒரு கம்ப்யூட்டரிலும் நெட் வரவில்லை. ஓடிப்போய் நெட்வொர்க் பெட்டியைத் திறந்தேன். கேபிள்கள் எல்லாம் கழன்று தொங்கின. அவற்றைச் செருகும் இருபத்துநாலு ஓட்டைகளிலும் சந்தனம், குங்குமம்!

லேபைப் பெருக்கும் ஆயாம்மா பக்கத்தில் நின்றார். எந்த மெஷினைத் தொட்டாலும் கண்ணில் ஒற்றிக்கொள்பவர்.

"ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணை விட்டா நல்லாவா இருக்கும் சார்?"

"எந்த ஒயர் எங்கேன்னு இனிமே யாருக்கும்மா தெரியும்?" கத்திவிட்டேன்.

"ஒவ்வொரு ஒயர்லயும் நூல் கட்டியிருக்கேனே சார். மேல் வரிசைக்கு மஞ்சள், கீழ் வரிசைக்கு சிவப்பு. எத்தனாவது ஓட்டையோ அத்தனை முடிச்சு."

திட்டம் போட்டுப் பள்ளி முழுக்க அந்தக் கேபிள்களைப் பதித்தவன் நான். ஒன்றில்கூட அடையாளம் எழுதி வைத்திருக்கவில்லை.