ஏழாவது கை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கட்டடக் கம்பி தயாரிக்கும் ஆலையில் எனக்கு வேலை. காலை ஷிப்ட் முடிந்து கவரைப்பேட்டையில் இறங்கினால், ஸ்டேஷன் எதிரே ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வீடு. காஸாவில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் அந்தக் கடையில் என் குரல்தான் பெரிது. போரை நிறுத்தச் சொல்லும் தீர்மானம் ஐ.நா. சபைக்கு வந்து, நம் நாடு ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்ட அன்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அநியாயத்தைக் கண்டால் கையால் தடுக்கணும், முடியாவிட்டால் வாயாலாவது சொல்லணும் என்று மதரஸாவில் படித்து வளர்ந்தவன் நான். இவ்வளவு பெரிய நாட்டுக்கு வாய்கூடவா இல்லை?

"மெதுவா பாய், கிளாஸ் ஒடஞ்சிடப் போவுது" என்று சிரித்தார் டீ மாஸ்டர்.

அதே வாரம் எங்கள் பள்ளிவாசல் இமாம் ஒரு யோசனை சொன்னார். வெள்ளிக்கிழமை தொழுகையில் கையேந்திக் கேட்கும் துஆவில் பாலஸ்தீனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்போம். அடிபடுகிறவர்கள் பக்கம் நிற்க நம் அரசாங்கத்துக்கு மனசு வரட்டும் என்றும் கேட்போம். நிர்வாகத் தலைவரான முத்தவல்லிக்கு வியர்த்துவிட்டது.

"மைக்ல சொன்னா ரோடு வரிக்கும் கேக்கும். போலீஸ் ஸ்டேஷன்ல கூப்ட்டு வெச்சிக்கினு பேஜாரு பண்ணுவாங்க."

"துஆதானே கேக்கறோம், கல்லா எறியறோம்?" என்றார் இமாம்.

அசர் தொழுகை முடிந்ததும் கமிட்டியில் ஏழு பேரையும் கை தூக்கச் சொன்னார்கள். வேண்டும் என்று மூன்று கை, வேண்டாம் என்று மூன்று கை. மிச்சம் நான்.

என் மனைவியின் பாஸ்போர்ட் அப்போது போலீஸ் விசாரணையில் இருந்தது. வாழ்க்கையில் அவள் என்னிடம் கேட்ட ஒரே பயணம், மக்காவுக்கு உம்ரா. நான் செல்போனை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒன்றுமே வந்திருக்கவில்லை.

"நீங்க இன்னா பாய் சொல்றீங்க?"

"பெரியவங்க எது சொன்னாலும் சரி" என்றேன்.

சமமாக நின்றால் முத்தவல்லி சொல்வதுதான் முடிவு. இமாம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை துஆவில், உலகத்தில் கஷ்டப்படும் எல்லோருக்காகவும் பொதுவாகக் கேட்டார் இமாம். எல்லோரையும்விட உரக்க ஆமீன் சொன்னது நான்தான், வெட்கங்கெட்டவன். மறுவாரம் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் முகவரியைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். பள்ளிவாசல் என்ற பேச்சே எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் டீக்கடைப் பேப்பரில், இரண்டு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று நம் அரசாங்கம் சொன்ன செய்தி இருந்தது. டீ மாஸ்டர் அதை என் பக்கம் தள்ளினார்.

"இன்னா பாய், படிச்சிட்டு சும்மா குந்திக்கினு கீற? இன்னிக்கு கவுர்மெண்ட்ட திட்டலியா?"

"உடுப்பா, அவங்களுக்கும் இன்னா கஷ்டமோ" என்றேன்.