அக்காவின் கால்மேல் விழுந்த பழி

என் அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். அவள் வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், மெக்கானிக். தன் கை பட்டால் செத்த வண்டியும் எழுந்து ஓடும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

போன மாதம் வேனுக்குப் புது கிளட்ச் பிளேட் போட்டது அவர்தான். மறுநாளே வம்பு ஆரம்பித்தது. அடிவரை மிதித்தாலும் கிளட்ச் விடவில்லை. கியர் விழாமல் கரகரவென்று கத்தியது. சிக்னலில் மிதித்தபடி நின்றால் வண்டி தானாக முன்னால் நகர்ந்தது. உள்ளே பிள்ளைகள். அக்காவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அத்தான் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னார். "உனக்கு கிளட்ச் மிதிக்கத் தெரியல. பொம்பளைங்க கால் அவ்வளவுதான்."

வருஷக்கணக்காக அதே வேனை ஓட்டுகிறவளிடம் பேசுகிற பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதையே வேன் முதலாளியிடமும் போய் ஓதிவிட்டார் மனுஷன். முதலாளியும் அக்காவிடம், "வேற டிரைவர் பார்த்துக்கறேம்மா" என்றுவிட்டார்.

அக்கா அழவில்லை. வேனை நேராக அத்தானின் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனாள். நானும் கூடப் போனேன். இன்ஜினை அணைத்துவிட்டு கியர் போட்டுக் காட்டினாள், எல்லாம் விழுந்தது. இன்ஜினை ஓடவிட்டாள், ஒன்றும் ஒழுங்காக விழவில்லை.

"என் கால் அதே கால்தானே? பிரிச்சுப் பாருங்க."

அத்தான் முதலில் கிளட்ச் கேபிளை இறுக்கினார். ஒன்றும் மாறவில்லை. அப்புறம் முணுமுணுத்துக்கொண்டே கியர்பாக்ஸை இறக்கினார். பிளேட்டைப் பின்பக்கம் முன்பக்கமாக மாட்டியிருந்தார்! பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன், அக்காவும் பார்த்தாள். அத்தான் அவசரமாக அதைத் திருப்பிப் போட்டு மூடினார்.

முதலாளி வந்து ஓட்டிப் பார்த்தார். கியர் சத்தமில்லாமல் விழுந்தது. அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிக் குடுத்துட்டேன் சார். இனிமே ஒழுங்கா மிதிப்பா" என்றார்.

என்ன நெஞ்சழுத்தம்! நான் பாய்வதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"பிளேட்டைத் திருப்பிப் போட்டிருந்தாரு சார். இப்பத்தான் சரியாப் போட்டாரு."

முதலாளி அத்தானைப் பார்த்தார். அத்தான் ஸ்பேனரைப் பார்த்தார். சாவி அக்கா கைக்கு வந்தது.

போன வாரம் பிரேக் பார்க்க வேண்டியிருந்தது. அக்கா அத்தானின் ஒர்க்‌ஷாப் வாசலைத் தாண்டி அடுத்த தெருவுக்கு வேனை ஓட்டிப் போனாள். அத்தான் வீட்டுக்கு வந்து குதித்தார். "நான் இருக்கும்போது இன்னொருத்தன்கிட்டயா?"

"தப்பு பண்ணா ஒத்துக்கற ஆளுகிட்ட விட்டேன்" என்றாள் அக்கா. "அதுல பிள்ளைங்க உட்காருதுங்க."