மூன்று புள்ளி மெக்கானிக்

நான் பழையதாக வாங்கிய லாரி நாற்பதைத் தாண்டினாலே ஸ்டியரிங் உதறும். மூன்று ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கி, டயரையும் மாற்றி அலுத்த பிறகுதான் புதுப்பட்டினத்தில் அந்த மெக்கானிக்கிடம் போனேன். ஒல்லியான மனிதர். கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பாரம் என்பது போல இருந்தார். எந்த வேலையை முடித்தாலும் அந்த இடத்தில் கூர்மையான இரும்பால் மூன்று புள்ளி தட்டி வைப்பது அவர் வழக்கம்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். லொடலொடத்தது.

"கிரீஸு அடிக்கிறதே இல்லியா சார்?"

"வாராவாரம் அடிக்கிறேன் அண்ணே. வெளியிலயே வழியுது."

சக்கரத்தைக் கழற்றி, அதைத் தாங்கித் திருப்பும் கிங்பின்னை உருவினார். அதைச் சுற்றியிருந்த புஷ் என்ற உலோக வளையம் தேய்ந்து கிடந்தது.

"புஷ்ல கிரீஸு போற ஓட்டைய மாத்தி வச்சிகீறான். நீ அடிச்சதுல ஒரு பொட்டு உள்ள போவல."

"எவன் அண்ணே அவன்?"

துணியை எடுத்துப் பக்கத்து இரும்பில் அப்பியிருந்த அழுக்கைத் துடைத்தார். மூன்று புள்ளிகள் தெரிந்தன.

"நான்தான் சார்."

புது புஷ் போட்டு முடித்ததும், பழைய புள்ளிகளை அழிக்காமல் பக்கத்தில் இன்னும் மூன்று தட்டினார்.

இப்போது லாரி உதறுவதில்லை. கிரீஸ் அடிக்கும்போதெல்லாம் அந்த ஆறு புள்ளிகளைப் பார்க்கிறேன். அன்று அவர் துணியை எடுத்திருக்கவே வேண்டாம்.